கொம்பும் தடையும்

சென்ற வைகாசியில் ஊருக்குப் போயிருந்தேன். படுவான்கரையில் இருக்கிறது எனது தாயாரின் ஊர். சிறுவயதில் மண்முனைத் துறையில் தோணி ஏறி, வாவியைக் கடந்துதான் அங்கே செல்ல வேண்டும். காற்றடித்தால் பயணம் இல்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் அது சில நிமிட வழியாகிவிட்டது. எமது ஊர்க் கண்ணகி அம்மன் கோவிலின் திருக்கதவு ஆண்டுக்கு ஒரு முறை வைகாசியில்தான் திறக்கும். சில நாட்கள் சடங்கு நடந்து, குளிர்த்தியோடு நிறைவுறும். வெளியூரில் வாழ்பவர்களும் அந்த நாட்களில் ஊர் திரும்பிவிடுவது வழக்கம்.

குளிர்த்தி முடிந்த மறுநாள் ஐந்து இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். இருவர் பல்கலைக்கழக மாணவர்கள். அடுத்த வைகாசியில் கொம்புமுறி விளையாட்டை எங்கள் ஊரில் மீண்டும் நடத்த வேண்டும் என்பது அவர்களது விருப்பம். பண்பாட்டு விழாக்களில் மேடைக்காக அரைமணி நேரம் செய்து காட்டுவது போல அன்று. ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து, முறைப்படி, பாட்டோடும் பறையோடும் நடத்த வேண்டுமாம். வண்ணக்கரிடமும் பெரியவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்கள். நான் பேசினால் கேட்பார்கள் என்று நம்பி என்னிடம் வந்திருந்தார்கள்.

நான் தயங்கினேன். அவர்களில் ஒருவன் மரியாதை குறையாமல் ஒன்று கேட்டான்.

“மாமா, ரெண்டாயிரத்துப் பதினேழுல நீங்க பேப்பர்ல எழுதினதை நாங்க வாசிச்சிருக்கம். ஜல்லிக்கட்டுத் தடையை எடுக்க வேணும் எண்டு எழுதினீங்க. எங்கட ஊருத் தடையை எடுக்கிறதுக்கு மட்டும் ஏன் பேசமாட்டீங்க?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. கடலுக்கு அப்பால் நடந்த ஒரு விடயத்துக்கு ஒரே இரவில் ஆயிரம் சொற்கள் எழுதிக் கொடுத்தவன், சொந்த ஊர்க் கேள்விக்கு முன் வாயடைத்து நின்றேன். இந்தக் கட்டுரை அவனுக்கான பதிலைத் தேடி எழுதியது.

கொம்புமுறி பற்றி அறியாத வாசகர்களுக்காக முதலில் சில விளக்கங்கள்.

தமிழில் கொம்பு என்றால் விலங்கின் கொம்பும் ஆகும். மரத்தின் கிளையும் ஆகும். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி இழுப்பார்கள். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். மழை பொய்த்தாலும், அம்மை முதலிய நோய்கள் பரவினாலும், அம்மனின் கோபம் தணிய இந்த விளையாட்டை நடத்துவது மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் மரபாக இருந்தது. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழக’த்தில் எமது பிரதேசத்தின் இத்தகைய மரபுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. சிங்கள மக்களிடையே இதற்கு ‘அங்கெளிய’ என்று பெயர். ‘அங்’ என்பது கொம்பு. கண்ணகியை அவர்கள் பத்தினி தெய்வமாக வழிபடுகிறார்கள். பத்தினியும் அவள் கணவன் பாலங்கனும் கொக்கத்தடி கொண்டு சண்பகப் பூப் பறித்தபோது, மேலே நின்றவரின் கொக்கியும் கீழே நின்றவரின் கொக்கியும் சிக்கிக்கொண்டன என்பது அவர்கள் கூறும் தோற்றக் கதை. அதனால் மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று இரண்டு அணிகள். பேராசிரியர் கணநாத் ஒபேசேகர பத்தினி வழிபாடு பற்றி 1984 இல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூலில் இவ்விளையாட்டுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். பொத்துவிலுக்குத் தெற்கே, தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்ந்து வந்த பாணமையில் அங்கெளிய நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

இந்த விளையாட்டில் ஆள்பலத்தை விடக் கொம்பின் பலமே முடிவைத் தீர்மானிக்கிறது. எனவே நல்ல கொம்பைத் தேடிக் கண்டெடுப்பதே சேரிகளின் முதல் வேலை. காட்டுக்குச் சென்று மரம் தேர்வதும், வெட்டிய கொம்பை மறைத்து வைத்துக் காப்பதும், எதிர்ச்சேரியின் கொம்பு எப்படிப்பட்டது என்று உளவு பார்ப்பதும் பல நாட்கள் நடக்கும் என்று எனது அம்மப்பா சொல்லியிருக்கிறார்.

அம்மப்பாவிடம் நான் இதைக் கேட்டது 1978 ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பின்பு. அந்த ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி அடித்த புயல் மட்டக்களப்பைத் தரைமட்டமாக்கியது. கூரை இழந்த வீட்டின் திண்ணையில், சாய்ந்து கிடந்த தென்னைகளைப் பார்த்தபடி அவர் பழங்கதைகள் சொல்லுவார். எங்கள் ஊரில் கடைசியாகக் கொம்பு முறித்தது அவரது இளமைக் காலத்தில். அம்மப்பா தென்சேரி. அந்த முறை தென்சேரி வென்றது.

வென்றவர்கள் தமது கொம்பை ஊர்வலமாகக் கொண்டு சென்றார்கள். தோற்ற சேரியார் வீடுகளின் வாசலில் நின்று வசைப்பாட்டுப் பாடினார்கள். அது வழக்கம்தான். தோற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். மறுமுறை வென்றால் திருப்பிப் பாடலாம். ஆனால் அந்த ஆண்டு பாட்டு எல்லை மீறிப் போயிற்று. எதிர்ச்சேரிக்குத் தலைமை தாங்கிய ஒருவரின் குடியைப் பெயர் சொல்லிப் பாடினார்கள். அவர் வீட்டுப் பெண்களையும் பாடினார்கள். மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழியாக வருவது. குடியைப் பழித்தால் தாயைப் பழித்ததாகும்.

அன்றிரவு கைகலப்பு நடந்தது. அதைவிடப் பெரிய சேதம் பின்னால் வந்தது. கொண்டான் கொடுத்தானாக இருந்த குடும்பங்களுக்கு இடையே பேச்சு நின்றது. பேசி வைத்திருந்த கலியாணங்கள் குழம்பின. பாடப்பட்ட அந்த மனிதர் வயலை விற்றுவிட்டு, குடும்பத்தோடு தோணி ஏறி எழுவான்கரைக்குப் போய்விட்டார். அதன் பின்னர் கோவிலில் கூடிய பெரியவர்கள், இனி இந்த ஊரில் கொம்பு எடுப்பதில்லை என்று அம்மன் முன்னிலையில் தீர்மானித்தார்கள். எந்த அரசும் சட்டம் போடவில்லை. ஊரே தன் கையைக் கட்டிக்கொண்டது.

“கொம்பு முறிஞ்சதுக்கு ஆரும் கோவிக்கல்ல மனே. பாட்டுக்குத்தான் கோவம்,” என்றார் அம்மப்பா. சற்றுப் பொறுத்து, “பாடின ஆக்களுல நானும் ஒராள்” என்றார். அதன் பின் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

என் தயக்கத்தின் காரணம் வாசகர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

இந்த விளையாட்டு தடைசெய்யப்பட்டது எங்கள் ஊரில் மட்டுமா என்று தேடியபோது, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சாட்சி கிடைத்தது. அந்தச் சாட்சி றொபேர்ட் நொக்ஸ்.

1659 இன் இறுதியில் புயலில் சேதமடைந்த ஓர் ஆங்கிலக் கப்பல், பாய்மரம் பழுதுபார்ப்பதற்காகக் கிழக்குக் கரையில் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660 இல் அதன் தலைவரையும், அவரது மகனான இளைஞன் நொக்ஸையும், மாலுமிகள் பலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்தார். 1679 இல் தப்பி, மன்னார்ப் பக்கத்தில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் அவரது நூல் வெளியாயிற்று.

அந்த நூலில் பத்தினி தெய்வத்துக்காக ஆடப்படும் ஒரு விளையாட்டை நொக்ஸ் விவரிக்கிறார். முழங்கை போல் வளைந்த இரண்டு தடிகளைக் கொளுவி இரு கட்சியாரும் இழுத்து முறிப்பார்களாம். ஐயமே இல்லை, இது நமது கொம்புமுறிதான். நாட்டை நோயிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையோடு ஆடப்பட்டது என்றும் எழுதுகிறார். வென்றவர்கள் ஆடிய ஆட்டமும் பாடிய பாட்டும் எழுத்தில் வைக்க முடியாத அளவுக்கு ஆபாசமானவை என்று முகஞ்சுளிக்கிறார். ஒரு காலத்தில் மன்னனே இதில் பொழுது போக்கினானாம். பின்னர் அவனே, மீறினால் தண்டப்பணம் என்று சொல்லி, அடியோடு தடைசெய்துவிட்டானாம்.

அதற்குப் பின் நடந்ததுதான் சுவையானது. ஆசை விடாத கம்பளைப் பக்கத்து மக்கள் தடையை மீறி மீண்டும் கொம்பு எடுத்தார்கள். செய்தி மன்னன் காதுக்கு எட்டியது. தண்டம் அறவிட ஒரு பிரதானியை அனுப்பினான். அழைத்தால் மக்கள் வரமாட்டார்கள் என்பது பிரதானிக்குத் தெரியும். ஆகவே அரச ஊழியத்துக்கு என்று சொல்லி அவர்களைத் திரட்டி, ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்து, அதன் பின்னர்தான் தண்டப்பணக் கதையை எடுத்தான். நீண்ட பேரத்துக்குப் பிறகு மக்கள் பணத்தைக் கட்டினார்கள். கட்டிய தொகை அவ்வளவு பெரிதாக இருந்ததால், அந்தப் பக்கத்தார் அத்தோடு விளையாட்டுக்கு விடை கொடுத்துவிட்டார்கள் என்று நொக்ஸ் முடிக்கிறார்.

நொக்ஸ் இழுபறியைக் குறை கூறவில்லை. கொம்பையும் குறை கூறவில்லை. அவருக்கு உறுத்தியது வென்றவர்கள் நடந்துகொண்ட விதம். ஆனால் மன்னனின் தடை விழுந்தது விளையாட்டு முழுவதன் மீதும். அம்மப்பா கதையிலும் அப்படித்தான்: பழுது பாட்டில், பூட்டு விழுந்தது கொம்புக்கு.

ஆள்பவர்களுக்கு இது எப்போதும் வசதியானது. ஒரு நடத்தையைத் தடுப்பது கடினம். யாராவது நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பொருளை அல்லது ஒரு விலங்கைத் தடுப்பது எளிது. பட்டியலில் பெயரைச் சேர்த்தால் போதும்.

ஜல்லிக்கட்டின் கதையும் அத்தகைய ஒரு பட்டியலில் இருந்துதான் முற்றியது. இந்தியாவில் 1960 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு, குறித்த சில விலங்குகளைக் காட்சிக்குப் பயிற்றவோ பயன்படுத்தவோ கூடாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியன அந்தப் பட்டியலில் இருந்தன. 2011 ஜூலை 11 ஆம் திகதி வெளியான அறிவித்தலில் காளையும் சேர்க்கப்பட்டது. உழவனின் வீட்டு வாசலில் கட்டி நிற்கும் விலங்கு, சிங்கத்தோடும் புலியோடும் ஒரே வரிசையில் போய் நின்றது.

அதற்கு முன்னரே வழக்குகள் தொடங்கியிருந்தன. 2006 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி ஒருவர் தடை விதித்தார். 2007 இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2009 இல் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. 2014 மே 7 இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாததாக்கி, ஜல்லிக்கட்டை முற்றாகத் தடைசெய்தது. 2016 ஜனவரியில் மத்திய அரசு விலக்களித்து அறிவித்தல் வெளியிட்டது. சில நாட்களிலேயே நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

பிறகு வந்தது 2017 ஜனவரி. சென்னை மெரினாவில் இளைஞர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்த அந்த நாட்களில், இலங்கையில் இருந்த எங்களுக்கும் உறக்கம் இல்லை. தலைவர் இல்லாத ஒரு கூட்டம், குப்பையைத் தானே கூட்டி அள்ளிக்கொண்டு, அமைதியாக ஓர் அரசைப் பணிய வைக்க முயல்கிறது என்பதே எங்களுக்கு ஒரு கிளர்ச்சியைத் தந்தது. அந்த வேகத்தில்தான் நானும் எழுதினேன். 21 ஆம் திகதி அவசரச் சட்டம் வந்தது. 23 ஆம் திகதி, மெரினாவில் தடியடியும் தீவைப்பும் நடந்த அதே நாளில், சட்டமன்றம் சட்டமூலத்தை நிறைவேற்றியது. 2023 மே 18 இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் இதற்கெனவே ஒரு பெரிய அரங்கமும் திறக்கப்பட்டது.

எனது 2017 ஆம் ஆண்டுக் கட்டுரையை அண்மையில் எடுத்து வாசித்தேன். கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவலைப் பாடுகிறது என்று எழுதியிருந்தேன், உண்மை. நாட்டு மாடுகளின் இனம் காக்கப்பட வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதுவும் நியாயமான வாதம். ஆனால் வாடிவாசலுக்குள் காளைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது, சாராயம் ஊற்றுவது என்று 2014 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பேசப்பட்ட முறைப்பாடுகளை நான் வாசித்திருக்கவில்லை. குத்துப்பட்டு இறந்த இளைஞர்களின் தாய்மாரைப் பற்றியும் எழுதவில்லை. வெல்லும் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறேன். இந்த விடயத்தில் நான் அம்மப்பாவின் பேரன்தான்.

தடை நீக்கப்பட்ட விதத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. 2017 இல் காளை சும்மா அவிழ்த்துவிடப்படவில்லை. கூடவே விதிகளும் வந்தன. மிருக வைத்தியர் பரிசோதிக்க வேண்டும். போதைப்பொருள் கொடுக்கக்கூடாது. திமிலை மட்டுமே பிடிக்கலாம். வாலையும் கொம்பையும் பிடிக்கக்கூடாது. இரட்டைத் தடுப்பு வேலி வேண்டும். அதாவது, தடை எதற்காக வந்ததோ அந்த நடத்தைகளில் பலவற்றுக்குத் தனித்தனியே பெயர் சொல்லித் தடை போட்டுவிட்டு, விலங்கை மட்டும் பட்டியலில் இருந்து விடுவித்தார்கள். உயிரிழப்புகள் அதன் பின்னரும் நிகழ்ந்துள்ளன. விதி எல்லா இடத்திலும் காக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும் முறை சரியானது. மன்னன் இராஜசிங்கன் செய்யத் தவறியது இது.

தடையை நீக்கினாலே விளையாட்டு மீண்டுவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஸ்பெயினின் கட்டலோனியப் பாராளுமன்றம் 2010 இல் காளைப் போரைத் தடைசெய்தது. 2011 செப்டெம்பரில் பார்சிலோனாவில் கடைசிப் போர் நடந்தது. 2016 ஒக்டோபரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையைச் செல்லாததாக்கிவிட்டது. சட்டப்படி அன்றிலிருந்து வழி திறந்தே இருந்தது. ஆனால் பார்சிலோனாவின் பெரிய அரங்குக்குக் காளைகள் திரும்பவில்லை. அங்கே மக்களின் விருப்பம் தடைக்கு முன்னரே விலகிப் போயிருந்தது.

இனி எமது மாகாணத்துக்கே வருகிறேன். 2024 ஜனவரியில், அப்போதைய கிழக்கு மாகாண ஆளுநர் செந்தில் தொண்டமானின் முன்முயற்சியில், திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் ஜல்லிக்கட்டு நடைபெற்றது. இலங்கை மண்ணில் இதுதான் முதல் தடவை என்று அறிவிக்கப்பட்டது. சம்பூர் இருப்பது அதே கொட்டியாரக் குடாவின் கரையில். நொக்ஸ் பிடிபட்ட மூதூர்ப் பக்கம் அங்கிருந்து தொலைவில் இல்லை.

சம்பூர் நிகழ்வுக்குப் பிறகு வாவிக்கரையிலும் காளைப் பேச்சு எழுந்தது. மட்டக்களப்பிலும் நடத்தலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். எனக்கு அப்போது நினைவுக்கு வந்தவர்கள் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு எல்லையில் தலைமுறைகளாகத் தாம் பட்டி மேய்த்த தரையில் பிறர் அத்துமீறிப் பயிர் செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டகை போட்டு அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறப்பதாக முறையிட்டார்கள். சம்பூரில் வாடிவாசல் திறந்தபோது அந்தக் கொட்டகையில் அவர்கள் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் தடை நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட பெரிய காரணம் நாட்டு மாட்டினம் காப்பது. இங்கே மாட்டினத்துக்கு வந்த ஆபத்து தடையால் வந்ததன்று. மேய்ச்சல் தரை இல்லாமல் போனதால் வந்தது. அங்குள்ள விடையை இங்குள்ள கேள்விக்கு ஒட்டவைக்க முடியாது. காளையை ஓடவிட வேண்டுமா என்பதற்கு முன், பசுவும் கன்றும் எங்கே நின்று புல் மேய்வது என்று மயிலத்தமடுக் காரரைக் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு இரண்டு விடயங்கள் தெளிவாயின. ஒன்று, தடையை நீக்கக் கேட்பவர்கள் முதலில் அந்தத் தடை உண்மையில் எதற்காக வந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். கொம்பையும் காளையையும் மீட்கலாம். அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த தீங்கை மீட்கக்கூடாது. இரண்டாவது, தடையை நீக்குமாறு கேட்பவர்கள் பெரும்பாலும் வென்றவர்களின் வழியில் வந்தவர்கள், அல்லது என்னைப் போல் தூரத்தில் இருப்பவர்கள். அனுமதி கேட்க வேண்டியது தோற்றவர்களிடம்.

இளைஞர்களிடம் இதைச் சொன்னேன். அவர்கள் ஏற்கனவே ஒரு யோசனை வைத்திருந்தார்கள். சேரியைப் பரம்பரை வழியாகப் பிரிக்காமல், சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாமாம். அண்ணன் ஒரு சேரி, தம்பி மறு சேரி என்று வந்தால் யாரும் யாரையும் குடி சொல்லிப் பாட முடியாது. நல்ல யோசனை என்றே எனக்குப் பட்டது. ஆனால் கோவிலில் இதைக் கேட்ட ஒரு பெரியவர், “அப்ப அது கயிறு இழுக்கிற போட்டி, கொம்பு இல்ல” என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. யார் எந்தச் சேரி என்பது வழிவழியாக வந்ததனால்தான் கொம்பு ஊருக்குப் பொருளுள்ளதாக இருந்தது. பகையும் அதனால்தான் வந்தது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்வது எளிதன்று.

நான் அந்த விவாதத்தில் முடிவு சொல்லவில்லை. மறுநாள் எழுவான்கரைக்குப் போனேன். அன்று ஊரை விட்டுத் தோணி ஏறியவரின் மகள் இன்னும் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்திருந்தேன். எண்பது வயது கடந்தவர். கடற்கரை வீதிக்கு உள்ளே, பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார். படுவான்கரையில் இருந்து வருகிறேன் என்றதும் உற்றுப் பார்த்தார். என் தாயின் பெயரைக் கேட்டார். அம்மப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. நான் அவரை எப்படி அழைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே விரல் மடக்கி முறை எண்ணிப் பார்த்துவிட்டு, “நான் உனக்கு மாமி முறை. இரு” என்றார்.

தேத்தண்ணி வந்தது. வந்த காரியத்தைச் சொன்னேன். அம்மப்பாவும் பாடியவர்களில் ஒருவர் என்பதையும் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

“எங்கட அப்பா தோத்ததுக்கு அழல்ல,” என்றார். “முறிஞ்ச கொம்பை இஞ்சயும் கொண்டு வந்து கன காலம் வெச்சிருந்தவர். அது நல்ல கொம்பு எண்டுதான் சாகும்வரைக்கும் சொல்லுவார். வாசல்ல நிண்டு அம்மாவைப் பாடினாங்களே, அதுக்குத்தான் அழுதவர்.”

கொம்பை மீண்டும் எடுக்கலாமா என்று கேட்டேன்.

“பொடியன்மார் விளையாடட்டும். ஆரையும் வாசலுக்கு வந்து பாடாம விளையாடச் சொல்லு. அப்பிடி எண்டா நானும் வந்து பார்ப்பன். வடசேரிக்குப் பக்கத்தில ஒரு கதிரை போடச் சொல்லு.”

திரும்பி வந்து வண்ணக்கரிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மாரி மழை ஓய்ந்து, வெள்ளாமை வெட்டிய பின் ஊரைக் கூட்டிப் பேசுவோம் என்றார். சேரியைச் சீட்டுக் குலுக்குவதா, பழையபடி விடுவதா என்பதை ஊர் தீர்மானிக்கட்டும். வசைப்பாட்டுகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருவரோ மூவரோதான் எஞ்சியிருக்கிறார்கள். அவற்றைக் கேட்டு எழுதி வைக்கும் வேலையை அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிவிட்டார்கள். வரலாற்றுக்கு அவை வேண்டும், வாசலுக்கு வேண்டாம்.

என்னிடம் கேள்வி கேட்ட இளைஞனுக்கு எனது பதில் இதுதான்: பேசுவேன். ஆனால் 2017 இல் எழுதியது போலப் பேசமாட்டேன். கூட்டம் நடக்கும் நாளில் மாமியை அழைத்து வர வாகனம் ஒழுங்கு செய்திருக்கிறேன். முதலில் அவர் பேசட்டும்.